கண்டெய்னரில் ஓடும் ராபிட்எம்கியூவுக்கு நினைவக வரம்பு அமைப்பது எப்படி?

நிரல்கள் அனுப்பும் செய்திகளை வாங்கி, வரிசையில் வைத்து, பெறும் நிரல்களுக்குக் கொடுக்கும் இடைத்தரகு நிரல்தான் ராபிட்எம்கியூ. நான் முதன்முதலாகப் பொறுப்பேற்றுக்கொண்ட ராபிட்எம்கியூ கண்டெய்னர் ஒரு நள்ளிரவில் நின்றுபோனது. தானாகவே மீண்டும் எழுந்து, சில நிமிடங்களில் மறுபடியும் நின்றது. அதன் பதிவுகளை வரி வரியாகப் படித்துப் பார்த்தும் பிழை என்று ஒரு சொல்கூட அகப்படவில்லை. ஏதோ ஓர் இணைப்பு ஏற்கப்பட்டது என்ற சாதாரணமான வரியோடு பதிவு அறுந்துபோயிருந்தது. பிறகுதான் டாக்கரின் இன்ஸ்பெக்ட் கட்டளையைக் கொடுத்து, அந்தக் கண்டெய்னரின் நிலையைக் காட்டும் பகுதியைப் பார்த்தேன். வெளியேறிய குறியீடு 137 என்றும், 'ஓஓஎம் கில்டு' (நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்பதற்கு எதிரே 'ட்ரூ' என்றும் இருந்தன. 128 உடன் 9 சேர்ந்ததே 137. ஒன்பதாம் எண் சிக்னல் வந்தால் எந்த நிரலும் விடைபெற்றுக்கொள்ள நேரமில்லாமல் அந்தக் கணமே முடிந்துவிடும் என்பதால்தான் பதிவில் எந்தத் தடயமும் இல்லை.

கண்டெய்னருக்கு 2 ஜிபிபைட் (1024-இன் அடுக்கில் கணக்கிடும் ஜிகாபைட்) வரம்பு வைத்திருந்தோம். அது ஓடிய கணினியில் 16 ஜிபிபைட் இருந்தது. ராபிட்எம்கியூ அந்த 16-ஐத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, அதில் 40 விழுக்காட்டை, அதாவது 6.4 ஜிபிபைட்டை எட்டும்போது எச்சரிக்கை எழுப்பலாம் என்று காத்திருந்தது. இரண்டை எட்டியதுமே லினக்ஸ் கெர்னல் அதை முடித்துவிட்டது. இதே நிலை உங்களுக்கு வராமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக எழுதுகிறேன். டாக்கரில் ஒரு கண்டெய்னரை ஓட்டத் தெரிந்திருந்தால் போதுமானது. ராபிட்எம்கியூவில் முன்னனுபவம் தேவையில்லை.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில், உச்சரிக்கும் விதமாகவே தருகிறேன். கோப்பில் எழுதும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு இட்டு எழுதவேண்டும்.

இரண்டு எண்கள், இரண்டு வேலைகள்

தொடங்குவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கண்டெய்னருக்கு நாம் கொடுக்கும் நினைவக வரம்பு ஒரு சுவர். அதைச் செயல்படுத்துவது கெர்னலின் சி-குரூப் என்னும் ஏற்பாடு. கண்டெய்னருக்குள் இருக்கும் எல்லா நிரல்களும் சேர்ந்து அந்தச் சுவரை முட்டி, விடுவிக்கக்கூடிய நினைவகமும் இல்லாமற்போனால், கெர்னல் ஒரு நிரலைக் கொன்றுவிடும். ராபிட்எம்கியூ தனக்குள் வைத்திருக்கும் 'மெமரி ஹை வாட்டர்மார்க்' என்பதோ, ஆற்றுப் பாலத்தின் தூணில் சிவப்பு வண்ணத்தில் வரைந்திருக்கும் அபாய அளவைப் போன்றது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் மேலேயிருந்து வரும் வரத்தை நிறுத்தச் சொல்லும். வெள்ளத்தைத் தானே தடுத்துவிடாது. இக்கட்டுரையில் அதை அபாய அளவு என்றே அழைக்கிறேன்.

பயன்பாடு அபாய அளவைத் தாண்டியதும் ராபிட்எம்கியூ நினைவக எச்சரிக்கையை எழுப்பி, செய்தி அனுப்பும் இணைப்புகளிலிருந்து தரவைப் படிப்பதை நிறுத்திவிடும். பெறும் இணைப்புகள் வழக்கம்போல் இயங்கும். அனுப்புநர் காத்திருக்க, பெறுநர் வரிசையைக் காலிசெய்ய, பயன்பாடு அளவுக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை தானே விலகும். அபாய அளவு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். மேலும், அது சுவரை ஒட்டியே இருந்தாலும் பயனில்லை. ஏனென்றால் அனுப்புநரை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட செய்திகளைக் கையாளும்போது பயன்பாடு சற்று ஏறும்.

இந்த இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை எர்லாங்தான் தீர்மானிக்கிறது. ராபிட்எம்கியூ எழுதப்பட்டிருக்கும் எர்லாங் மொழி, 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவானது. அதில் ஆயிரக்கணக்கான சிறு செயல்முறைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகப் பகுதி உண்டு. தேவையற்றதைக் கழிக்கும் வேளையில் எர்லாங், தேவையான தரவை ஒரு புதிய இடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் பழைய இடத்தை விடுவிக்கிறது. நகலெடுக்கும் அந்தச் சிறுபொழுதில் பழையதும் புதியதும் ஒருசேர நினைவகத்தில் இருக்கும். மிக மோசமான நிலையில் பயன்பாடு இருமடங்காகவும் கூடும் என்பதால்தான் ராபிட்எம்கியூவின் 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் இயல்பான அபாய அளவு 40 விழுக்காடாக இருந்தது. 2024-இல் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்து அது 60 விழுக்காடு. பரிந்துரைக்கப்படும் எல்லை 40-க்கும் 70-க்கும் இடைப்பட்டது.

முதல் படி: எவ்வளவு தேவை என்று மதிப்பிடுதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, கையில் வந்த ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை பிற்காலத் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள்.

புதிதாகத் தொடங்கிய, ஒரு செய்தியும் இல்லாத ராபிட்எம்கியூ சுமார் 150 மெபிபைட் அளவில் எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் ஏறுவதற்கு முக்கியமான காரணங்கள் இணைப்புகளும் வரிசைகளும்தான். ஒவ்வோர் இணைப்பும் தனக்கென டிசிபி இடையகங்களையும் சில எர்லாங் செயல்முறைகளையும் வைத்திருப்பதால், தோராயமாக 100 கிலோபைட் என்று கணக்கில் கொள்ளலாம். ஆயிரம் இணைப்புகள் என்றால் 100 மெகாபைட். ஒரு செய்திக்கு ஓர் இணைப்பைத் திறந்து மூடும் நிரல் உங்களிடம் இருந்தால், வரம்பைக் கூட்டுவதற்கு முன்பு அந்த நிரலைத் திருத்துங்கள்.

வரிசைகளில், குவாரம் வகையைத் தனியாகக் கவனிக்கவேண்டும். செய்தியின் நகலைப் பல கணுக்களில், அதாவது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் பல ராபிட்எம்கியூக்களில், பாதுகாக்கும் இந்த வகை, எல்லாவற்றையும் முதலில் ஒரு முன்பதிவுக் கோப்பில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் 'வால்' கோப்பில்) எழுதி, அதே தரவை நினைவகத்திலும் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பின் இயல்பான உச்ச அளவு 512 மெபிபைட். நிரம்பிய கோப்பை வட்டில் பிரித்து எழுதி முடிப்பதற்குள் அடுத்த கோப்பும் நிரம்பத் தொடங்கிவிடும் என்பதால், இதைப்போல் மூன்று மடங்கையாவது, அதாவது 1536 மெபிபைட்டையாவது ஒதுக்கும்படி ராபிட்எம்கியூவின் ஆவணங்கள் சொல்கின்றன. ஆகவே, 2 ஜிபிபைட் கண்டெய்னரில் குவாரம் வரிசைகளைச் சுமையோடு ஓட்ட நினைப்பவர் ஒன்று வரம்பை 4 ஜிபிபைட்டாக உயர்த்தவேண்டும், அல்லது 'ராஃப்ட்' என்று தொடங்கி 'வால் மேக்ஸ் சைஸ் பைட்ஸ்' என்று முடியும் அமைப்பைக் குறைத்துக்கொள்ளவேண்டும். இவை தவிர, குவாரம் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது 32 பைட் குறிப்புத் தரவு நினைவகத்தில் இருக்கும். மூன்று கோடிச் செய்திகள் தேங்கினால் அதுவே ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகிவிடும்.

மூன்றாவதாக, பெறுநருக்கு அனுப்பப்பட்டு இன்னும் ஒப்புகை வராத செய்திகள். ஒரு பெறுநருக்கு ஒரே நேரத்தில் எத்தனை செய்திகளைக் கொடுக்கலாம் என்பதை 'பிரீஃபெட்ச்' எண் தீர்மானிக்கிறது. நிரல்கள் ராபிட்எம்கியூவோடு பேசப் பயன்படும் ஏஎம்க்யூபி 0-9-1 நெறிமுறையில் இதைக் குறிப்பிடாமல் விட்டால் வரம்பே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட் உள்ள படங்களைச் செய்தியாக அனுப்பும் அமைப்பில், ஒரு பெறுநர் 500 செய்திகளை வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்தால், அரை ஜிகாபைட் நகராமல் கிடக்கும். பெரிய பொருள்களைக் கோப்புச் சேமிப்பில் வைத்துவிட்டு, முகவரியை மட்டும் செய்தியில் அனுப்புவதே முறை. 4.0 பதிப்பில் ஒரு செய்தியின் இயல்பான உச்ச அளவு 16 மெபிபைட்டாகக் குறைக்கப்பட்டிருப்பதும் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

இவற்றைக் கூட்டி வரும் தொகை அபாய அளவுக்குக் கீழே வசதியாக அடங்கவேண்டும். கண்டெய்னரின் வரம்பு அந்தத் தொகையைப் போல் இருமடங்காக இருக்கட்டும் என்பதே என் பழக்கம். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாக, சாதாரண வகை வரிசைகளும் சில நூறு இணைப்புகளும் கொண்ட ஒரு சிறு அமைப்புக்கு 2 ஜிபிபைட் வரம்பும், 1200 மெபிபைட் அபாய அளவும் வைப்போம். இடைவெளி 848 மெபிபைட்.

இரண்டாம் படி: கண்டெய்னருக்கு வரம்பு கொடுத்தல்

டாக்கரின் ரன் கட்டளையில் 'மெமரி' என்ற விருப்பத்துக்கு இரண்டு ஜி என்று மதிப்புக் கொடுங்கள். அதோடு 'மெமரி-ஸ்வாப்' என்ற விருப்பத்துக்கும் அதே மதிப்பைக் கொடுக்க மறக்கவேண்டாம். அந்த இரண்டாவது எண் நினைவகமும் ஸ்வாப்பும் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடம்) சேர்ந்த மொத்தத்தைக் குறிப்பது. அதைக் கொடுக்காமல் விட்டால், ஸ்வாப் உள்ள கணினியில் கண்டெய்னர் இன்னொரு 2 ஜிபிபைட்டை ஸ்வாப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எர்லாங்கின் நினைவகம் ஸ்வாப்புக்குப் போய்விட்டால் கண்டெய்னர் சாகாது. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் வட்டைத் தொட்டுத் திரும்பி, உயிரோடு இருந்தும் பதில் சொல்லாத நிலைக்கு வந்துவிடும். இந்த நிலையைக் கண்டுபிடிப்பது, செத்துப்போனதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

அலகுகளில் தவறு நேர்வது மிக எளிது. டாக்கரில் எம் என்றால் மெபிபைட், ஜி என்றால் ஜிபிபைட். அதாவது 1024-இன் அடுக்குகள். ராபிட்எம்கியூவின் அமைப்புக் கோப்பில் ஜிபி என்றால் நூறு கோடி பைட். ஜிஐபி என்று இடையில் ஐ சேர்த்து எழுதினால்தான் ஜிபிபைட், அதாவது 107,37,41,824 பைட். பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸிலோ சிற்றெழுத்து எம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். டாக்கரில் 512 மெபிபைட்டைக் குறிக்கும் அதே எழுத்துகளை அங்கே நினைவக வரம்பாக எழுதினால், ஒரு பைட்டுக்கும் குறைவான வரம்பைக் கேட்டதாகிவிடும். எந்தக் கோப்பில் எழுதுகிறோமோ அந்தக் கோப்பின் அலகில் சிந்திக்கவேண்டும்.

அடுத்து, 'யூலிமிட்' என்னும் திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு. நினைவகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் எர்லாங் தொடங்கும்போது, எத்தனை கோப்புகளையும் இணைப்புகளையும் திறக்க அனுமதி இருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ப ஓர் அட்டவணையை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. சில லினக்ஸ் வழங்கல்களில் கண்டெய்னர்களுக்கு இந்த எண் வரம்பின்றி, நூறு கோடிக்கும் மேலாக இருக்கும். அத்தகைய கணினியில் ஒரு செய்திகூட இல்லாத ராபிட்எம்கியூ, தொடங்கியவுடனேயே ஜிகாபைட் கணக்கில் விழுங்கிவிட்டுச் சுவரில் முட்டிச் சாகும். 'நோஃபைல்' வரம்பை 65536 என்று வைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன்: தொடக்கத்திலேயே நினைவகம் விண்ணைத் தொட்டால், வரிசைகளைத் தேடுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

கண்டெய்னருக்கு ஹோஸ்ட்நேமையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். ராபிட்எம்கியூ தன் தரவு அடைவுக்குக் கணுவின் பெயரையே சூட்டுகிறது; பெயர் ஒவ்வொரு முறையும் மாறினால், புதிதாக உருவாகும் கண்டெய்னர் பழைய வரிசைகளைக் காணாது.

மூன்றாம் படி: ராபிட்எம்கியூவுக்கு அபாய அளவைச் சொல்லுதல்

பழைய கட்டுரைகள் பலவற்றில், இதை ஒரு சூழல் மாறியாகக் கொடுக்கும்படி எழுதியிருப்பார்கள். டாக்கர் படிமத்துக்கென்றே இருந்த அந்த மாறிகள் 3.9 பதிப்பிலிருந்து கைவிடப்பட்டுவிட்டன. அபாய அளவுக்கான மாறியைக் கொடுத்தால் கண்டெய்னர் தொடங்காமலே பிழை காட்டி நின்றுவிடும். இப்போது அமைப்புக் கோப்பு ஒன்றே வழி.

உங்கள் கணினியில் ஒரு கோப்பை உருவாக்கி, அதற்கு '30-நினைவகம்' என்பதுபோல எண்ணில் தொடங்கும் ஆங்கிலப் பெயரும் 'கான்ஃப்' என்ற நீட்டிப்பும் கொடுங்கள். அதைக் கண்டெய்னருக்குள் இடிசி அடைவின் ராபிட்எம்கியூ உள்ளடைவில் இருக்கும் 'கான்ஃப்.டி' அடைவில் வைக்கவேண்டும். அந்த அடைவிலுள்ள கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. படிமத்தோடு வரும் கோப்புகள் 10, 20 என்று தொடங்குவதால் 30 என்று தொடங்கும் உங்கள் கோப்பு அவற்றுக்குப் பின் வரும். கோப்பை ராபிட்எம்கியூ பயனர் படிக்கும்படி அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் எழுதவேண்டிய வரி ஒன்றே ஒன்றுதான்: 'விஎம் மெமரி ஹை வாட்டர்மார்க்' என்பதை அடிக்கோடுகளால் இணைத்து எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'அப்சல்யூட்' என்று சேர்த்து, சமக்குறிக்குப் பின் 1200 மெபிபைட் என்று மதிப்பைக் கொடுப்பது. 'அப்சல்யூட்' என்பதற்குப் பதிலாக 'ரிலேட்டிவ்' என்று எழுதி 0.6 என்று பின்னமாகவும் கொடுக்கலாம். கண்டெய்னரில் ஓட்டுபவருக்கு முன்னதையே நான் பரிந்துரைக்கிறேன். பின்னம் என்றால் எதன் பின்னம் என்ற கேள்வி எழுகிறது. என் கண்டெய்னரை வீழ்த்தியது அந்தக் கேள்விதான். புராக் அடைவிலுள்ள 'மெம்இன்ஃபோ' கோப்பு, கண்டெய்னருக்குள்ளிருந்து பார்த்தாலும் முழுக் கணினியின் நினைவகத்தையே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னமாகவே வைக்கவேண்டிய கட்டாயம் சில இடங்களில் உண்டு. ஒரே அமைப்புக் கோப்பைச் சோதனைச் சூழலிலும் உண்மைச் சூழலிலும் பயன்படுத்துவோர் அப்படிச் செய்வார்கள். அவர்கள் 'டோட்டல் மெமரி அவெய்லபிள் ஓவர்ரைடு வேல்யூ' என்ற இன்னொரு அமைப்பில், கண்டெய்னரின் உண்மையான வரம்பை எழுதிவிடவேண்டும். அதன்பின் ராபிட்எம்கியூ கணினியைக் கேட்காமல், நீங்கள் சொன்ன எண்ணையே மொத்தமாகக் கொள்ளும்.

இதே கோப்பில் வட்டுக்கான குறைந்தபட்ச இடத்தையும் உயர்த்திவிடுங்கள். 'டிஸ்க் ஃப்ரீ லிமிட்' என்பதன் இயல்பான மதிப்பு வெறும் 50 மெகாபைட். நினைவகத்திலிருந்து வட்டுக்குத் தள்ளப்படும் செய்திகளுக்கு அது போதாது. 2 ஜிகாபைட் வைப்பது பொருத்தமாக இருக்கும்.

நான்காம் படி: சொன்னது காதில் விழுந்ததா என்று பார்த்தல்

கண்டெய்னரைத் தொடங்கியதும் அதன் பதிவில் 'மெமரி ஹை வாட்டர்மார்க் செட் டு' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் நான்கு எண்கள் இருக்கும்: அபாய அளவு மெபிபைட்டிலும் பைட்டிலும், மொத்த நினைவகம் மெபிபைட்டிலும் பைட்டிலும். நம் எடுத்துக்காட்டில் முதல் எண் 1200 ஆகவும் அதன் பைட் மதிப்பு 125,82,91,200 ஆகவும் இருக்கவேண்டும். முதல் எண் 1144 என்று வந்தால் நீங்கள் மெபிபைட்டுக்குப் பதிலாக மெகாபைட் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். மொத்தம் என்ற இடத்தில் 2048-க்குப் பதிலாக 16000 அளவில் ஓர் எண் வந்தால், ராபிட்எம்கியூ கணினியின் முழு நினைவகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அபாய அளவைத் தனி எண்ணாகக் கொடுத்திருக்கும்வரை அதனால் கேடில்லை. பின்னமாகக் கொடுத்திருந்தால் உடனே திருத்தவேண்டும்.

இந்த ஒரு வரியைப் பார்க்கும் பழக்கம் அன்று எங்களுக்கு இருந்திருந்தால், அந்த இரவே வந்திருக்காது. ஒவ்வொரு பதிப்பு மாற்றத்துக்குப் பின்னும், ஒவ்வொரு கணினி மாற்றத்துக்குப் பின்னும் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எச்சரிக்கையை வேண்டுமென்றே எழுப்பிப் பார்த்தல்

சோதனைச் சூழலில், கண்டெய்னருக்குள் சென்று ராபிட்எம்கியூ கன்ட்ரோல் கருவியின் 'செட் விஎம் மெமரி ஹை வாட்டர்மார்க்' கட்டளைக்கு 0 என்று மதிப்புக் கொடுங்கள். அந்த நொடியே எச்சரிக்கை எழும். அனுப்புதல் முழுவதும் நிற்கும். இப்போது உங்கள் நிரல்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 15672-ஆம் போர்ட்டில் இருக்கும் மேலாண்மைப் பக்கத்தின் இணைப்புகள் பட்டியலில், எச்சரிக்கைக்குப் பின் செய்தி அனுப்ப முயன்ற இணைப்புகள் 'பிளாக்டு' என்றும், இன்னும் முயலாதவை 'பிளாக்கிங்' என்றும் தெரியும்.

இந்தச் சோதனையில் இரண்டு குறைகள் அடிக்கடி வெளிப்படும். ஒன்று, அனுப்பும் நிரல் தடுக்கப்பட்டதை அறியாமல் முடிவின்றிக் காத்திருப்பது. இணையத் தளத்தின் பின்னணியில் அது ஓடினால், வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திவிட்டுச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இணைப்பு தடுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் அறிவிப்பைச் செவிமடுக்கும் வசதி பெரும்பாலான நூலகங்களில் உண்டு. அதையும் ஒரு காலவரம்பையும் சேர்த்துவிடவேண்டும். மற்றொன்று, ஒரே இணைப்பில் அனுப்புவதும் பெறுவதும். தடுக்கப்பட்ட இணைப்பிலிருந்து ராபிட்எம்கியூ எதையும் படிப்பதில்லை என்பதால், அந்த இணைப்பின் வழியே வரும் ஒப்புகைகளும் தேங்கிவிடும். ஒப்புகை வராததால் வரிசை குறையாது. வரிசை குறையாததால் எச்சரிக்கை விலகாது. அனுப்ப ஓர் இணைப்பு, பெற ஓர் இணைப்பு என்று பிரித்துவிடுவதே இதற்குத் தீர்வு.

சோதனை முடிந்ததும் அதே கட்டளையால் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள். இவ்வாறு கட்டளையால் மாற்றிய மதிப்பு, கணு நிற்கும்வரைதான் நிலைக்கும். மறுபடி தொடங்கினால் கோப்பில் உள்ளதே செல்லும்.

கொத்தாகப் பல கணுக்களை ஓட்டுபவர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: ஒரு கணுவில் எழும் எச்சரிக்கை கொத்து முழுவதிலும் அனுப்புநர்களைத் தடுக்கும். மூன்று கணுக்களில் ஒன்றுக்கு மட்டும் குறைவான நினைவகம் கொடுத்திருந்தால், கொத்தின் வேகத்தை அந்த ஒன்றே தீர்மானிக்கும்.

குபெர்னெட்டீஸில் ஓட்டும்போது

நினைவகத்துக்கான 'ரிக்வெஸ்ட்' மதிப்பையும் 'லிமிட்' மதிப்பையும் ஒன்றாகவே வையுங்கள். ரிக்வெஸ்டைக் குறைத்து வைத்தால், அந்தக் கணினியில் நெருக்கடி வரும்போது முதலில் வெளியேற்றப்படுபவற்றில் உங்கள் ராபிட்எம்கியூவும் இருக்கும்.

குபெர்னெட்டீஸில் ராபிட்எம்கியூவை நிறுவி நிர்வகிக்கும் ராபிட்எம்கியூ கிளஸ்டர் ஆபரேட்டரைப் பயன்படுத்துவோருக்கு, மேலே சொன்ன மொத்த நினைவக அமைப்பை ஆபரேட்டரே எழுதிவிடுகிறது. ஆனால் முழு வரம்பையும் எழுதுவதில்லை. 20 விழுக்காட்டை, அதிகபட்சம் 2 ஜிபிபைட்வரை, ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை மட்டுமே சொல்கிறது. ஆகவே 4 ஜிபிபைட் வரம்பு கொடுத்தால் ராபிட்எம்கியூவுக்கு 3.2 ஜிபிபைட் என்று தெரிவிக்கப்படும், 4.0 பதிப்பில் அபாய அளவு அதில் 60 விழுக்காடாக, 1.92 ஜிபிபைட்டில் அமையும். 2.4 என்று எதிர்பார்த்தவர்கள் இதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

நலம் அறியும் சோதனைகளில் நினைவக எச்சரிக்கையைச் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'லைவ்னெஸ்' சோதனையில் சேர்த்தால், வரிசையைக் காலிசெய்துகொண்டிருக்கும் கணுவைக் குபெர்னெட்டீஸ் கொன்று மறுபடி தொடங்கும். 'ரெடினெஸ்' சோதனையில் சேர்த்தால், எந்தப் பெறுநர் வந்து செய்திகளை எடுத்தால் நெருக்கடி தீருமோ அந்தப் பெறுநருக்கே வழி அடைபட்டுவிடும். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குப் போதுமானது. மேலும், கண்டெய்னருக்குள் ராபிட்எம்கியூவின் கட்டளைக் கருவியை ஓட்டும் ஒவ்வொரு முறையும் இன்னொரு எர்லாங் இயக்கச் சூழல் எழுந்து, அதே சுவருக்குள் இருக்கும் நினைவகத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை அத்தகைய சோதனையை நடத்தும் அமைப்பில், இடைவெளியாக நாம் ஒதுக்கியதில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும்.

கண்காணிப்புப் பலகையில் கண்டெய்னரின் பயன்பாடும் ராபிட்எம்கியூ சொல்லும் பயன்பாடும் ஒத்துப்போகாமல் இருப்பதைக் காண்பீர்கள். கோப்புகளைப் படிக்கும்போதும் எழுதும்போதும் கெர்னல் வைத்துக்கொள்ளும் பக்கத் தேக்கம் கண்டெய்னரின் கணக்கில் சேரும், ராபிட்எம்கியூவின் கணக்கில் சேராது. ஸ்ட்ரீம் வகையையும் குவாரம் வரிசைகளையும் பயன்படுத்தும் இடங்களில் இந்த வேறுபாடு பெரிதாகவே இருக்கும். தேவைப்படும்போது கெர்னல் அதை விடுவித்துக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வரம்பைக் கூட்டவேண்டாம். பிரோமீதியஸ் என்னும் கண்காணிப்புக் கருவிக்கான செருகுநிரலை இயக்கி, 15692-ஆம் போர்ட்டில் ராபிட்எம்கியூவே தரும் எண்களைப் பின்தொடருங்கள். பயன்பாடு அபாய அளவில் முக்கால் பங்கைத் தாண்டி நிலைத்தால் அறிவிப்பு வரும்படி அமைத்துக்கொள்வது நன்று.

எச்சரிக்கை உண்மையிலேயே எழும்போது

முதலில் ராபிட்எம்கியூ டயக்னாஸ்டிக்ஸ் கருவியின் 'மெமரி பிரேக்டவுன்' கட்டளையை ஓட்டுங்கள். நினைவகம் எங்கே போயிருக்கிறது என்பதை அது பிரித்துக் காட்டும். 'பைனரி' என்ற வரி பெருத்திருந்தால், செய்திகளின் உள்ளடக்கம் தேங்கியிருக்கிறது; ஒப்புகை வராத செய்திகளையும் பிரீஃபெட்ச் எண்ணையும் பாருங்கள். 'கனெக்ஷன்' என்று தொடங்கும் வரிகள் பெருத்திருந்தால், மூடப்படாத இணைப்புகளோ, ஓர் இணைப்புக்குள் ஓடும் தனித்தனித் தடங்களான சேனல்களோ குவிந்திருக்கின்றன. 'குவாரம் க்யூ' என்று தொடங்கும் வரிகளும் அவற்றின் அட்டவணைகளும் பெருத்திருந்தால் முன்பதிவுக் கோப்பின் அளவையும் தேங்கிய செய்திகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 'அலோகேட்டட் அன்யூஸ்டு' என்பது எர்லாங் கணினியிடமிருந்து வாங்கி, இப்போது பயன்படுத்தாமல் கையில் வைத்திருக்கும் பகுதி; சுமை திடீரென ஏறி இறங்கிய பின் இது பெரிதாக இருப்பது இயல்பே.

பெறுநர்கள் நின்றுபோனதால் வரிசை வளர்ந்திருந்தால், வரம்பைக் கூட்டுவது சில மணி நேரத்தை மட்டுமே வாங்கித் தரும். வரிசைக்கு உச்ச நீளம் வைத்து, நிரம்பினால் புதிய செய்தியை மறுத்துவிடும்படி 'ரிஜெக்ட்-பப்ளிஷ்' என்று ஒரு கொள்கை அமைத்துவிட்டால், மறுக்கப்பட்டது என்ற தகவல் அனுப்புநருக்குப் போய்ச் சேரும். அதற்கு அனுப்புநர் பக்கத்தில் உறுதிப்படுத்தல் முறை இயங்கவேண்டும். கொள்கையில் எதையும் குறிப்பிடாமல் நீளத்தை மட்டும் வைத்தால், வரிசையின் முன்னால் நிற்கும் பழைய செய்திகள் ஓசையின்றிக் கழிக்கப்படும். பணப் பரிமாற்றம் போன்றவற்றைச் சுமக்கும் வரிசையில் அதைச் செய்துவிடாதீர்கள்.

வரம்பை உண்மையாகவே கூட்டவேண்டியிருந்தால், சுவரை முதலிலும் அபாய அளவைப் பின்னரும் உயர்த்துங்கள். குறைக்கும்போது அபாய அளவை முதலில் இறக்கிவிட்டுச் சுவரை நெருக்குங்கள். டாக்கரில் ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரின் வரம்பை அப்டேட் கட்டளையால் மாற்றலாம், ஆனால் உள்ளே இருக்கும் ராபிட்எம்கியூவுக்கு அந்த மாற்றம் தானாகத் தெரியாது. ஆகவே கன்ட்ரோல் கருவியால் அபாய அளவையும் மாற்றி, அதே மதிப்பை 30-ஆம் எண் கோப்பிலும் எழுதி, அடுத்த முறை கணு தொடங்கும்போது பதிவின் அந்த ஒரு வரியில் புதிய எண் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.